ஈயக்குட்டைக்கா, ஆற்றுக்கா, கானுக்கா? 200 வெள்ளிக்குத் தூண்டில் கம்பு வாங்குமுன்

போன சம்பள நாள் சாயங்காலம். செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வாசலில் தன் கப்சாய் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். கைப்பேசியில் நான்கு தூண்டில் கம்புகளின் படம். “அண்ணே, கையில 200 வெள்ளி இருக்கு. இதுல எது நல்ல கம்பு?”

நான் படத்தைப் பார்க்கவில்லை. “எந்தத் தண்ணிக்குப் போகப் போற?” என்று கேட்டேன். அதை அவர் இன்னும் யோசிக்கவில்லை.

இதே கேள்வியோடு பலர் வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனால், வாங்கிய கம்பு அலமாரிக்குப் பின்னால் தூசி படிந்து நிற்கிறது. கம்பு மட்டம் என்று சொல்ல முடியாது. அவர்கள் போகிற தண்ணீருக்கும், ஏறிப் போகிற வண்டிக்கும், வேலை முடிந்து கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்துக்கும் அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். உழைத்த காசு அது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் தண்ணீர்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. எங்கள் வாயில் இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தூண்டில் போடுகிறவனுக்கு இந்த ஊர் கொடுத்து வைத்த ஊர். நான்கு வகைத் தண்ணீர் மோட்டார் தூரத்தில் இருக்கிறது.

முதலாவது, தோட்டத்துக் கான். செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டிய கால்வாய்கள். தண்ணீர் கறுப்பாக, ஓடியும் ஓடாமலும் கிடக்கும். பூயூ, செப்பாட், கெளுத்தி, ஓரப் புல்லுக்கடியில் விரால்.

இரண்டாவது, ஈயக்குட்டை. ஈயம் தோண்டும் மிதவை இயந்திரங்களான ஈயக்கப்பல்கள் தோண்டிப் போட்ட பள்ளங்கள். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; பள்ளங்களில் மழைநீர் நின்றது. இன்று அங்கே திலாப்பியா, விரால் இனத்துப் பெரிய மீனான தோமான், தென்னமெரிக்காவிலிருந்து வந்து ஊன்றிவிட்ட பீகாக் பாஸ் எல்லாம் உண்டு. கரை மணல், ஆழம் திடீரென்று இறங்கும், அடியில் மரக்கட்டைகள்.

மூன்றாவது, சிலாங்கூர் ஆறு. குவாலா குபு பாரு மலைப்பக்கம் பிறந்து, நம் ஊரைத் தொட்டு, கம்போங் குவாந்தான் மின்மினி மரங்களைக் கடந்து குவாலா சிலாங்கூரில் கடலில் சேர்கிறது. கீழ்ப்பகுதியில் கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வரும். அங்கேதான் ஊடாங் காலா, நீலக் கொடுக்குள்ள பெரிய ஆற்று இறால்.

நான்காவது, நேரக் கணக்கில் காசு கட்டித் தூண்டில் போடும் குளங்கள். பாத்தின், கொடுவா, ரோகு. மீன் பெரியது, இடம் நெருக்கம், நிழல் உண்டு, கழிப்பறை உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு மாதத்தில் இந்த நான்கில் எதற்கு அதிகம் போவீர்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆசையை எண்ண வேண்டாம். கால் போகிற இடத்தை எண்ணுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

தண்ணீருக்கு அடுத்தபடி நான் பார்ப்பது மூன்று. கம்பை மோட்டாரில் கட்டிக்கொண்டு போக முடியுமா? வாங்கிய பிறகு மாதாமாதம் எவ்வளவு தின்னும்? உடைந்தால் என்ன செய்வது? மீன் பிடிபடுமா என்ற கேள்வியை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இடத்துக்குப் பொருந்தும் எந்தக் கம்பிலும் மீன் பிடிபடும்.

கம்பின் மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. “6 அடி 6 அங்குலம், 8–16 பவுண்டு” என்று இருந்தால், அந்தப் பவுண்டு கணக்கு நரம்பின், அதாவது தூண்டில் நூலின், பலத்தைக் குறிக்கிறது. 16 பவுண்டு மீன் வரைதான் தாங்கும் என்று பலர் நினைத்து, தேவையில்லாமல் தடித்த கம்பு வாங்குகிறார்கள். தண்ணீருக்குள் மீனுக்குக் கனம் ஏறக்குறையக் கிடையாது. அதன் இழுப்புத்தான் உண்டு, இழுப்பை, நரம்பு சுற்றும் ரீலில் உள்ள டிராக் என்ற பிரேக், நரம்பை விட்டுக்கொடுத்து வாங்கிக்கொள்ளும். நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக்கை வைத்தால், 12 பவுண்டு நரம்பில் அதைவிடக் கனமான மீனையும் பொறுமையாகக் கரை சேர்க்கலாம்.

கூடவே எல், எம், எச் என்ற எழுத்துகள் இருக்கும். எல் மெலிசு, எம் நடுத்தரம், எச் கனம். எம்.எல். என்றால் மெலிசுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. அதோடு ‘ஃபாஸ்ட்’ என்று போட்டிருந்தால் நுனி மட்டும் வளையும். ‘ஸ்லோ’ என்றால் அடிவரை வளையும். கனம் வேறு, வளையும் இடம் வேறு. கடையில் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

## மூங்கில்

பால்மரம் வெட்டிய காலத்தில் எங்கள் லயத்தில் எல்லா வீட்டுக் கூரைக்கு அடியிலும் ஒன்று செருகியிருக்கும். அப்பா பத்தடி மூங்கிலை நிழலில் காயவைத்து, கணுக்களை நெருப்பில் லேசாக வாட்டி நேராக்குவார். கம்பின் நீளத்துக்கே நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள். மண்புழுவுக்குப் பழைய பால் மங்கு. வேறு எதுவும் வேண்டியதில்லை.

கானுக்கு இன்றும் இதைவிடச் சிறந்த கருவி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். புல்லுக்கு மேலே நீட்டி, வேண்டிய இடத்தில் சத்தமில்லாமல் இரையை இறக்கலாம். ரீல் கம்பில் வீசினால் ‘தொப்’ என்று விழும், விரால் ஓடிவிடும்.

மறைந்திருக்கும் சிக்கல் நீளம்தான். மோட்டாரில் கட்ட முடியாது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கான் இருந்தால் மட்டும் மூங்கில். ஈயக்குட்டைக்கு எடுத்துப் போனால், மீன் இருக்கும் இடத்துக்கு நரம்பு எட்டாது.

## மடக்குக் கம்பு

ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஏழடிக் கம்பு ஏறக்குறைய இரண்டடிக்குச் சுருங்கிவிடும். பைக்குள் போகும், மோட்டார் இருக்கைக்கு அடியில்கூடச் சிலது போகும். இரவுச் சந்தையிலும் கிடைக்கிறது. முதல் தடவை வாங்குகிறவர்கள் கை தானாக இதன்மேல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போகும் ஓர் அக்கா என்னிடம் கேட்டபோது, நான் இதைத்தான் சொன்னேன். மாதத்துக்கு ஒரு நாள், காரின் பின்பெட்டியில் ஸ்ட்ரோலருக்குப் பக்கத்தில் கிடக்கும், பிள்ளைகள் மிதித்தாலும் பெரிய நட்டம் இல்லை. கண்ணாடி இழையில் செய்தது 30, 40 வெள்ளிக்கு வரும். பாத்தின் இழுத்தாலும் வளைந்து கொடுக்கும். ஒன்றை மட்டும் அந்த அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன்: குளத்தில் பாத்தின் பெரிதாக இருக்கும், டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டத் திரும்பினால், கம்பே தண்ணீருக்குள் போய்விடும்.

வாரம் மூன்று நாள் போகிறவருக்கு இது ஆகாது. ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனமான இடம். ஈயக்குட்டை மணல் மூட்டுக்குள் புகுந்தால் உள்ளே போகவும் மாட்டேன் வெளியே வரவும் மாட்டேன் என்று இறுகிவிடும். பலம் போட்டு முறுக்கினால் பிளக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டாகக் கழுவித் துடைக்க வேண்டும். அலுத்து வந்த மனிதன் அதைச் செய்வதில்லை. நரம்பு நுழைந்து போகும் வளையங்களும் குறைவு, மூட்டுக்கு ஒன்றுதான் வைக்க முடியும். அதனால் நரம்பு கம்பின் வளைவோடு போகாமல் வில்லின் நாண்போல் குறுக்கே நிற்கும், இழுப்பு சில இடங்களில் மட்டும் குவியும்.

## இரண்டு துண்டு ஸ்பின்னிங் கம்பு

ஆலைத் தம்பிக்கு நான் கடைசியில் சொன்னது இது. கொஞ்சம் நின்று பேச வேண்டிய கம்பும் இதுதான்.

ஆறு அல்லது ஆறரை அடி, எம்.எல்., நடுவில் ஒரே ஒரு இணைப்பு. பிரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கும். ரீல் கம்புக்குக் கீழே தொங்கும். முதல் வளையம் பெரிதாக இருக்கும், ஏனென்றால் ஸ்பின்னிங் ரீலிலிருந்து நரம்பு சுருள் சுருளாக வெளியே வருகிறது. ரீலின் அளவு எண் இரண்டாயிரம் அல்லது இரண்டாயிரத்து ஐந்நூறு என்று இருந்தால் போதும்.

இதன் பெரிய பலம், நான்கு தண்ணீரில் மூன்றுக்கு இது ஈடு கொடுக்கும். ஈயக்குட்டையில் தக்கை கட்டி மண்புழுவோடு திலாப்பியாவுக்கு வீசலாம். அதே நாள் தக்கையைக் கழற்றி ஐந்து கிராம் போலி இரை மாட்டி பீகாக் பாஸைத் தேடலாம். ஈயக்குண்டு கட்டி, பழுத்த செம்பனைப் பழத்தை முள்ளில் கோத்து அடியில் போட்டால் லம்பாம் மீன் வரும். பாத்தினும் அந்தப் பழத்தை விடாது. நம் தோட்டத்தில் கொட்டிக் கிடக்கும் இரை, காசு கொடுக்க வேண்டியதில்லை. காசு கட்டும் குளத்துக்கும் சமாளிக்கும், டிராக் சரியாக இருந்தால்.

கற்றுக்கொள்வது சுலபம். சுண்டு விரலால் நரம்பைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆள்காட்டி விரலால் பிடியுங்கள். ரீலின் கம்பி வளையைத் திற, வீசு, விரலை விடு. அரை மணி நேரத்தில் பிடிபடும். இன்னொரு வசதி யாரும் சொல்வதில்லை: ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியை இடமும் வலமும் மாற்றிப் பூட்டலாம். இடக்கைக்காரருக்கும், அண்ணன் தம்பி இருவர் ஒரே கம்பைப் பகிர்கிற வீட்டுக்கும் இது பெரிய உதவி.

இனி மறைந்திருக்கும் செலவு. இந்தக் கம்பை வாங்கியதும் பின்னல் நரம்பு வாங்கச் சொல்வார்கள். மெல்லியது, பலமானது, தூரம் போகும், எல்லாம் உண்மை. ஆனால் மட்டமான வளையத்தில் அது வரி போட்டுவிடும். வரி விழுந்த வளையம் பிறகு நரம்பை அறுக்கும். மலிவுக் கம்புக்கு முதல் ஆண்டு சாதாரண நைலான் நரம்பே போதும், எட்டு முதல் பன்னிரண்டு பவுண்டு. போலி இரைகளும் காசைத் தின்னும். நல்லதாக ஒன்று இருபது வெள்ளிக்குக் குறையாது. ஈயக்குட்டையின் அடியில் மரக்கட்டை உண்டு என்று முதலில் சொன்னேன். ஒரு சாயங்காலத்தில் மூன்றைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கம்பின் விலையில் பெரும்பங்கு அன்றே போய்விட்டது. ஆகவே முதல் மூன்று மாதம் தக்கையும் மண்புழுவும் போதும் என்பேன். எந்த இடத்தில் அடியில் கட்டை இருக்கிறது என்பதை அறுந்துபோகும் முப்பது சென் முள்ளே கற்றுக்கொடுத்துவிடும்.

தோமான்தான் இதன் எல்லை. எம்.எல். கம்பில் பெரிய தோமான் மாட்டினால், அது கட்டைக்குள் ஓடுவதை நிறுத்தப் பலம் போதாது. அதன் பல்லும் மெல்லிய நரம்பை அறுத்துவிடும். தோமானே குறி என்றால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

## பேட்காஸ்டிங்

ரீல் கம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கம்பின் பிடிக்குக் கீழே விரல் மாட்ட ஒரு கொக்கி இருக்கும். விரால், தோமான் தேடிப் போகிற இளைஞர்கள் கையில் எல்லாம் இப்போது இதுதான். புல்லுக்கு நடுவே ரப்பர் தவளையைக் குறி பார்த்து வீசி, மீன் கவ்வியதும் அது அடியில் பதுங்குமுன் வெளியே இழுக்க, எம்.எச். பேட்காஸ்டிங் கம்பு போல வேறொன்று இல்லை. அதை நான் மறுக்க மாட்டேன். பின்னல் நரம்பு, முள் பக்கத்து முனையில் தடித்த முன் நரம்பு, பல் அதை எளிதில் அறுக்காது.

ஆனால் இது 200 வெள்ளிக்குள் அடங்கும் விளையாட்டு அல்ல. ரீல் மட்டுமே 150க்கு மேல் வைத்தால்தான் பிரேக் ஒழுங்காக வேலை செய்யும். மட்டமான ரீலில் வீசும்போது உருளை நரம்பைவிட வேகமாகச் சுற்றும், நொடியில் பெரும் சிக்கல் விழும். கட்டைவிரலால் உருளையைத் தொட்டும் தொடாமலும் கட்டுப்படுத்தப் பழக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அறுத்தெறியும் பின்னல் நரம்பின் விலை தனி. ஏழு கிராமுக்குக் குறைந்த இரையைச் சாதாரண பேட்காஸ்டிங்கால் ஒழுங்காக வீச முடியாது. தக்கையும் மண்புழுவும் இதில் நடக்காது. கைப்பிடி இடமா வலமா என்று வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

ஏற்கெனவே ஒரு ஸ்பின்னிங் கம்பு இருந்து, அதோடு ஓராண்டு ஓடி, விராலும் தோமானும்தான் என் மீன் என்று உறுதியானவர் இரண்டாவது கம்பாக வாங்கலாம். முதல் கம்பாக வேண்டாம்.

தோமான் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு விடும் இடத்தில் வீசினால் தாய் தகப்பன் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துச் சட்டியில் போட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும். எவ்வளவு நல்ல கம்பு கையில் இருந்தாலும், அங்கே வீசாமல் நகர்ந்து போங்கள்.

## இறால் கம்பு

ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவருக்கு மலாய் நண்பர் படகில் இடம் கொடுத்திருக்கிறார். மாதம் இரண்டு முறை கம்போங் குவாந்தான் பக்கம் போகிறார்கள். “வீட்டுல இருக்குற ஸ்பின்னிங் கம்பு பத்தாதா?” என்று கேட்டார். பத்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

இறால் மீனைப் போலக் கவ்விக்கொண்டு ஓடாது. நீண்ட கொடுக்கால் இரையைத் தொடும், பிடிக்கும், பின்பக்கமாக நகர்ந்துகொண்டே மெதுவாக வாய்க்குக் கொண்டுபோகும். அந்த நேரத்தில் கம்பின் நுனி விறைப்பாக இருந்து எதிர்ப்பு தெரிந்தால் விட்டுவிடும். எம்.எல். கம்பின் நுனி இறாலுக்கு இரும்புக் கம்பி மாதிரி. இறால் கம்பு நாலரை, ஐந்தடிதான். நுனி உள்ளே கூடில்லாமல் கெட்டியாக, மயிலிறகுத் தண்டுபோல மெலிந்திருக்கும். இரண்டு முதல் ஆறு பவுண்டு கணக்கு, ஆயிரம் அளவு ரீல். நுனி ஒரு முறை தலையாட்டும், கை போகக்கூடாது. மறுபடி ஆட்டி, வளைந்து அப்படியே நிற்கும்போது, வெட்டி இழுக்காமல் தூக்க வேண்டும். டிராக் நன்றாகத் தளர்ந்திருக்கட்டும், ஏனென்றால் இறாலின் உதடு மீனின் தாடை அல்ல. நீர் மட்டத்துக்கு வந்ததும் கைவலை.

நீளம் குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. படகில் இரண்டு, மூன்று கம்புகளை வரிசையாக விளிம்பில் சாய்த்து வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா நுனியையும் பார்க்க வேண்டும். ஏழடிக் கம்பின் நுனி கண்ணுக்குத் தொலைவு. பக்கத்தில் இருப்பவர் முகத்திலும் இடிக்கும்.

ஊடாங் காலா ஏன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைக்கிறது என்பதற்கும் இதோடு தொடர்பு உண்டு. பெரிய இறால் நன்னீரில் வாழும். ஆனால் அதன் குஞ்சுப் பருவத்துக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பினாங்கில் நடந்த ஆராய்ச்சியில்தான் இது தெரியவந்தது. உலகெங்கும் இந்த இறாலைப் பண்ணையில் வளர்க்க முடிந்தது அதன் பிறகே. ஆக, முட்டையோடு உள்ள தாய் இறால் கடல் பக்கம் இறங்கி வரும். வயிற்றில் ஆரஞ்சு நிற முட்டையோடு வருவதைத் திருப்பி விடுகிறவர்கள் அந்த ஆற்றில் இருக்கிறார்கள். நானும் விடுகிறேன்.

செலவு? கம்பு மலிவு. 50, 60 வெள்ளிக்கே நல்லது கிடைக்கும். ஆனால் ஒன்று போதாது, குறைந்தது இரண்டு. பும்பூன் புழு வாங்கும் காசு, படகு எண்ணெய், நண்பர் படகு இல்லாதவருக்கு வாடகை, இவைதான் உண்மையான செலவு. தண்ணீர் ஓட்டம் பலமான நாளில் ஈயக்குண்டு அடியில் நிற்காது. ஏற்ற இறக்க அட்டவணை பார்க்காமல் போனால் அத்தனையும் வீண். இறால் கம்பில் ஆற்றுக் கெளுத்தி பெரிதாக மாட்டினால் பதறாமல் டிராக்கை ஓடவிட வேண்டும்.

அந்த அண்ணனுக்குப் படகு நண்பர் இருக்கிறார், அதனால் வாங்கச் சொன்னேன். படகு இல்லாதவர் இறால் ஆசையில் இந்தக் கம்பை வாங்கினால், வேறு எந்தத் தண்ணீருக்கும் இது உதவாது.

## காசு எங்கே போகிறது

நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்க்கும் ஏறக்குறைய விலைகள் இவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

| கம்பு | கம்பும் ரீலும் சேர்த்து | பிறகு வரும் செலவு | மோட்டாரில் | முதல் கம்பாக |
|---|---|---|---|---|
| மூங்கில் | காசில்லை | முள், நரம்பு மட்டும் | முடியாது | கான் பக்கத்தில் இருந்தால் |
| மடக்கு | 60–100 வெள்ளி | மூட்டு பழுதானால் புதுக் கம்பு | மிகச் சுலபம் | எப்போதாவது போகிறவருக்கு |
| இரண்டு துண்டு ஸ்பின்னிங் | 130–200 வெள்ளி | போலி இரை, நரம்பு | குழாயில் போட்டால் சுலபம் | பெரும்பாலோருக்கு |
| பேட்காஸ்டிங் | 280 வெள்ளிக்கு மேல் | பின்னல் நரம்பு, போலி இரை | ஒற்றைத் துண்டானால் சிரமம் | வேண்டாம் |
| இறால் கம்பு, இரண்டு செட் | 200 வெள்ளி | புழு, படகு | சுலபம் | படகு இருந்தால் மட்டும் |

200 வெள்ளியைப் பிரிக்கும்போது 150ஐக் கம்புக்கும் மீதியை ரீலுக்கும் போடுகிறவர்களே அதிகம். நான் பாதிக்குப் பாதி என்பேன். மலிவான கம்பு கனமாக இருக்கும், அவ்வளவுதான். மலிவான ரீலின் டிராக் திக்கித் திக்கி ஓடும். மீன் திடீரென்று பாயும் நொடியில் நரம்பு அறும்.

## கண்ணாடி இழையா, கார்பனா

கார்பன் இலேசானது, விறைப்பானது. அடியில் மீன் முகர்வதுகூடக் கையில் தெரியும். கண்ணாடி இழை கனம், ஆனால் அடி தாங்கும். கார்பனில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், வேறொரு நாள் சாதாரண மீனுக்கு அந்த இடத்தில் படக்கென்று முறியும்.

என் முதல் கார்பன் கம்பு அப்படித்தான் போனது. ஈயக்குட்டையின் செங்குத்தான கரையில் நின்றுகொண்டு, ஒரு கிலோவுக்கும் குறைவான திலாப்பியாவைக் கம்பாலேயே மேலே தூக்கினேன். கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்த்ததும் பாரம் முழுக்க நுனிக்குப் போனது. மூன்று துண்டு. மூன்று மாதம் சேர்த்த காசு. மீன் கரைக்கு வந்தபின் கம்பைத் தாழ்த்தி, நரம்பைக் கையால் பிடித்தோ வலையாலோதான் தூக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பின்னொரு முறை இணையத்தில் ‘முழுக் கார்பன்’ என்று வாங்கியது கண்ணாடி இழையாக வந்து சேர்ந்தது. கையில் எடுத்த உடனே கனம் காட்டிக்கொடுத்தது. கார்பன் ரகத்தைச் சொல்ல ஐ.எம்.7, 30 டன் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். ஐ.எம். என்பது ஓர் இழை நிறுவனத்தின் சரக்குப் பெயராகத் தொடங்கியது. எல்லாக் கம்புக்கும் பொதுவான தரமுத்திரை அல்ல.

மோட்டாரில் கட்டிப் போகிறவர், கரையில் மணலில் போடுகிறவர், தம்பிக்கும் மாமாவுக்கும் கடன் கொடுக்கிறவர், இவர்களுக்கு இரண்டும் கலந்த கம்பு நல்லது.

இதைவிட முக்கியமானது ஒன்று. கார்பன் மின்சாரம் கடத்தும். தோட்டத்துச் சாலையோரம் கானுக்கு மேலே மின்கம்பி போகிற இடங்கள் உண்டு. நீளமான கார்பன் கம்பை நிமிர்த்திக்கொண்டு அங்கே நடக்கக்கூடாது. ஈரமான மூங்கிலுக்கும் இதே எச்சரிக்கை. உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியா ஒன்று, நம் பக்கம் வேலை முடியும் நேரமும் இடி இறங்கும் நேரமும் ஒன்று. மரம் இல்லாத ஈயக்குட்டைக் கரையில் உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் கம்பும்தான். முதல் உறுமல் காதில் விழுந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு அங்கிருந்து கிளம்புங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும்.

## கடையில் கையில் எடுத்ததும்

அடிப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து நுனியை நோக்கிப் பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எண்ணிக்கை, கம்பின் அடிக் கணக்கைவிட ஒன்றாவது கூட இருக்கட்டும். ஆறடிக் கம்புக்கு ஏழு. காது குடையும் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் உள்ளே விரிசல். இணைப்பைப் பூட்டி ஆட்டினால் ‘டக் டக்’ என்று கேட்கக்கூடாது. பூட்டியபின் இரு துண்டுகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தால் அது குறையல்ல, சில இணைப்புகளை அப்படித்தான் செய்கிறார்கள், தேயத் தேய உள்ளே இறங்க. வீட்டில் மாதம் ஒரு முறை அங்கே மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

நுனியைக் கையால் பிடித்து வளைத்துக் காட்டும் கடைக்காரரைத் தடுத்துவிடுங்கள். ரீலைப் பூட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள்; முன்பக்கம் சாய்ந்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஸ்பின்னிங் ரீலைக் கொக்கி வைத்த பேட்காஸ்டிங் கம்பில் பூட்டி, “இதுவும் ஓடும்” என்று சொன்னால் வாங்காதீர்கள். அதன் சின்ன முதல் வளையத்தில் நரம்பு உரசி, வீச்சுப் பாதியில் நிற்கும்.

ஆலைத் தம்பியோடு நானும் கடைக்குப் போயிருந்தேன். ஆறடி, இரண்டு துண்டு, எம்.எல்., கலப்பு இழை, 85 வெள்ளி. இரண்டாயிரம் அளவு ரீல் 80. பத்துப் பவுண்டு நைலான் நரம்பு, ஒரு பொட்டலம் முள், இரண்டு தக்கை, கொஞ்சம் ஈயக்குண்டு, எல்லாம் சேர்த்து 20. மீதி இருந்த 15 வெள்ளியோடு பக்கத்து இரும்புக் கடைக்குப் போய் நாலடி பி.வி.சி. குழாயும் இரண்டு மூடியும் வாங்கினோம். கம்பை அதற்குள் போட்டு கப்சாயின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டார். மணி ஐந்தே முக்கால். “இன்னும் வெளிச்சம் இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு நேராக ஈயக்குட்டைப் பக்கம் திரும்பினார்.